கோர்த்த மணி யாருடையது?



சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்கள் இருந்த நேரம். நம் பெண்கள் மதரஸாவின் மாலை வகுப்பில் ஒரு மாணவி ரைஹால் பலகைக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டு எதையோ செய்துகொண்டிருந்தாள். அருகில் சென்று பார்த்தோம். மடியில் விரித்த கைக்குட்டையில் பச்சைக் கண்ணாடிப் பாசி. விரல்களுக்கிடையே ஒரு மெல்லிய கம்பி. தஃப்ஸீர் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. பாசிப் பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வகுப்பு முடிந்து அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாழ்நாளை எதில் கழித்தோம் என்று மறுமையில் கேட்கப்படும் கேள்வியை நினைவூட்டி, "இப்படிப்பட்ட வீண் வேலையில் நேரத்தைப் போக்காதே" என்று உபதேசமும் செய்தோம். மற்றப் பிள்ளைகளின் காதில் விழும்படியாகவே செய்தோம். பதினேழு வயதுப் பெண். தலையைக் கவிழ்த்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று நாள் கழித்து அவளுடைய உம்மா வந்தார். மகளுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினோம். அவர் சொன்னது வேறு.

"ஆலிமாம்மா, புள்ளைய ஏசாதீங்க. அவ என்கிட்ட கடன்பட்டிருக்கா. அதான் ராத்திரி பகல்னு இல்லாம கோக்குறா."

விவரம் இதுதான். கடைத்தெருவில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவர், பெருநாள் விற்பனைக்கென்று முன்கூட்டியே 40 பாசிமாலைகள் கேட்டிருந்தார். மாலை ஒன்றுக்கு 100 ரூபாய். பாசியும் கம்பியும் கொக்கியும் வாங்குவதற்கு, தம் மூக்குக்கண்ணாடியை மாற்றவென்று சேர்த்து வைத்திருந்த 2,400 ரூபாயை உம்மா மகளுக்குக் கடனாகக் கொடுத்தார். இரண்டு வாரங்களில் மாலைகள் முடிந்தன. கடைக்காரர் 4,000 ரூபாயையும் வாப்பாவின் கையில் கொடுத்தார். அன்று மாலையே அந்தப் பணம் மூத்த மகனின் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்ந்துவிட்டது. மகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் வாப்பாவிடம் கேட்கத் துணியவில்லை. உம்மாவின் கடனை அடைப்பதற்காகவே அடுத்த மாலைகளுக்கான பாசியைக் கடையில் கடன் சொல்லி வாங்கி, தூக்கத்தைக் குறைத்து, கடைசியில் வகுப்பு நேரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

வகுப்பில் கோர்த்தது தவறுதான். அதை இன்றும் தவறு என்றே சொல்வோம். ஆனால் அந்த வேலையை "வீண்" என்றது நம் தவறு. பலர் முன்னிலையில் சொன்ன சொல் என்பதால் பலர் முன்னிலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அத்துடன் முடித்துக்கொள்ளாமல், இதை நம் வீடுகளிலும் பேச வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

பாடத்திலேயே இருந்த மாலைகள்

அன்றிரவு, நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடங்களில் மணிமாலை எத்தனை இடங்களில் வருகிறது என எண்ணிப் பார்த்தோம்.

தயம்மும் சட்டம் எப்படி வந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் அணிந்திருந்த மாலை அறுந்து விழுந்துவிட்டது. யமன் நாட்டு ழஃபார் நகரத்து வரிக்கல் மணிகளால் ஆன மாலை என்று அபூதாவூதின் அறிவிப்பு கூறுகிறது. தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவலாக வாங்கியது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் தங்கினார்கள். உடன் வந்த மக்களும் தங்கினார்கள். அங்கே தண்ணீர் இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். நபி (ஸல்) அவர்களோ ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அந்த நிலையில்தான் தயம்மும் வசனம் இறங்கியது. பின்னர் ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடைத்தது. ஒரு பெண்ணின் மணிமாலை, அதுவும் இரவல் மாலை, ஓர் அமானிதம் என்பதற்காக ஒரு படையே நின்றிருக்கிறது. நாம் ஒரு பொட்டலம் பாசிக்காக ஒரு கேள்வி கேட்கவும் நிற்கவில்லை.

ஈதுப் பெருநாள் பாடத்திலும் ஒரு மாலை உண்டு. தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களுடன் பெண்களிடம் வந்து தர்மம் செய்யுமாறு ஏவினார்கள். பெண்கள் காதணிகளையும் "ஸிகாப்" என்னும் மாலைகளையும் கழற்றிப் போட்டார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸிகாப் என்பது தங்கமோ முத்தோ அன்று. கிராம்பு போன்ற நறுமணப் பொருள்களை நூலில் கோர்த்த எளிய மாலை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அடுக்களையில் உள்ள பொருளைக் கோர்த்து அணியும் பழக்கம் மதீனத்துப் பெண்களிடமே இருந்திருக்கிறது. அந்த மாலைகளும் தங்கத்தோடு சேர்ந்து தர்மமாக ஏற்கப்பட்டன.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதப்படுத்தி, அதைத் தைத்து, அந்தக் கையுழைப்பின் வருவாயைத் தர்மம் செய்தவர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் "நீண்ட கை உடையவர்" என்று குறிப்பிட்டது இவர்களைத்தான் என்பது பின்னரே மற்ற அன்னையருக்கு விளங்கியது. அரபு மொழியில் தோலில் துளையிட்டுத் தைப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லும், துளையிட்ட மணியைக் குறிக்கும் "கரஸ்" என்ற பெயர்ச்சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இத்தனையையும் இருபது ஆண்டுகளாகக் கற்பித்த நாம், பாசி கோர்த்த கையை வீண் கை என்று சொன்னோம்.

நமக்குப் புதிய தொழிலன்று

மணி நம் கரைக்கும் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த பட்டறைகள் இருந்த ஊர் அது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் முத்து வணிகத்திலும் காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம்களுக்கு நெடிய பங்குண்டு. நம் வீட்டு நிக்காஹ்களில் மணமகள் கழுத்தில் ஏறும் கருகமணியும் கோர்த்த பாசிதானே? மணியை விற்றும் அணிந்தும் வந்த சமுதாயம் நாம். அதை வீட்டில் உட்கார்ந்து கோர்க்கும் பெண்ணைப் பார்த்து மட்டும் முகம் சுளிக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டபின் அந்த மாணவியிடமே நாம் பாடம் கேட்டோம். இப்போது வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்து அரைமணி நேரம் அவள் உஸ்தாதாக இருக்கிறாள். அவள் கற்றுக்கொடுத்ததை, வீட்டில் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் கைச்சரம். எலாஸ்டிக் நூல், 8 மில்லிமீட்டர் மணிகள், கத்தரிக்கோல் ஆகியவை போதும். ஒரு தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்து அதில் மணிகளைக் கொட்ட வேண்டும். இல்லையேல் பாதி மணி கட்டிலுக்கு அடியில் போய்விடும். மணிக்கட்டை நூலால் அளந்து, அதனுடன் ஒரு விரல் அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். 17 சென்டிமீட்டர் நீளத்துக்கு 21 அல்லது 22 மணிகள் பிடிக்கும். கோர்ப்பதற்கு முன் எலாஸ்டிக்கை இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்துவிட வேண்டும். இழுக்காமல் கோர்த்தால் ஒரு வாரத்தில் சரம் தளர்ந்து இடையே நூல் தெரியும். முடிச்சை மூன்று சுற்றாகப் போட்டு, ஒரு சொட்டுப் பசை வைத்து, காய்ந்தபின் முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிட வேண்டும்.

அடுத்தது மாலை. இதற்கு எலாஸ்டிக் ஆகாது. கடைகளில் "கியர் வயர்" என்று கேட்டால் கிடைக்கும் பூச்சிட்ட மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும். அதோடு "கியர் லாக்" எனப்படும் சிறு குழல்கள் இரண்டு, கொக்கி, வளையம், ஒரு சிறிய குறடு. 40 சென்டிமீட்டர் மாலைக்கு 55 சென்டிமீட்டர் கம்பி வெட்டிக்கொள்ள வேண்டும். கொக்கியும் வளையமும் 2 சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டால், 8 மில்லிமீட்டர் மணி சுமார் 48 தேவைப்படும். கம்பியின் ஒரு முனையில் லாக்கைக் கோர்த்து, கொக்கியின் கண்ணுக்குள் நுழைத்து, அதே லாக் வழியாகத் திருப்பிக்கொண்டு வந்து, குறட்டால் நசுக்க வேண்டும். மீந்த வாலை வெட்டி எறியாமல் முதல் மூன்று மணிகளுக்குள் செலுத்திவிட்டால் கழுத்தில் குத்தாது. மறுமுனையை மூடும்போது கம்பியை முற்றிலும் இறுக்காமல் ஓர் இழை இடம் விட வேண்டும். இறுக்கிய மாலை கழுத்தில் வளையாமல் விறைத்து நிற்கும். மணிகள் ஒன்றோடொன்று உரசிக் கம்பியும் விரைவில் அறும்.

இரண்டு எச்சரிக்கைகள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மணித் தட்டைத் தரையில் வைக்காதீர்கள். கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் ஒரு மணி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். விற்கும்போது அதைக் கேட்டறிந்து வேறு கொக்கி மாட்டிக் கொடுப்பது நல்லது.

அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் இது. வீட்டை விட்டு இறங்காமல், பெரிய முதலீடு இல்லாமல் செய்யலாம். இதில் கடினமானது கோர்ப்பதன்று. கோர்த்தபின் வரும் பணமே.

அந்த 4,000 ரூபாய்

அந்த வாப்பா தீயவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி, மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். உம்மாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர்கள் வீட்டிற்குச் சென்று, அனைவரும் இருக்கும்போதே பேசினோம். அவர் கேட்டதில் கபடமில்லை.

"என் வீட்டுச் சோத்தைத்தானே அவ சாப்பிடுறா? அவ காசு வேற, என் காசு வேறயா?"

நம் ஊரில் பத்தில் ஒன்பது வீடுகளில் இந்தக் கேள்வியே கேட்கப்படும். ஆகையால் அதற்கான விடையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண் உழைத்துச் சேர்த்தது ஆணுக்கும், பெண் உழைத்துச் சேர்த்தது பெண்ணுக்கும் உரியது என்னும் நெறியை அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்திலிருந்து நாம் பெறுகிறோம். மனைவி எவ்வளவு செல்வமுடையவளானாலும் அவளுக்கு உணவளிப்பது கணவனின் கடமை. தனக்கெனப் பொருளில்லாத மகளைப் பராமரிப்பது தந்தையின் கடமை. ஊட்டிய சோற்றுக்கு விலையாக அவள் உழைப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது கடமையாக இராது, கடனாகிவிடும்.

மகனும் மகனின் பொருளும் தந்தைக்குரியவை என்னும் கருத்தில் வரும் ஹதீஸை வாப்பா நினைவூட்டினார். அந்த அறிவிப்பு உண்டு. ஆனால் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அதை, தேவையுள்ள தந்தை தன் தேவையளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில்தான் புரிந்துகொண்டார்கள். தந்தையே முழு உரிமையாளர் என்று கொள்ளவில்லை. அதற்கு அவர்கள் காட்டும் சான்று மிக எளியது. மகனொருவன் தந்தையையும் தன் ஆண்பிள்ளையையும் விட்டு இறந்தால், தந்தைக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு. முன்பே எல்லாம் தந்தையுடையது என்றால் ஆறில் ஒன்று எப்படி வரும்? தந்தைக்கு அதிக இடமளிக்கும் ஹன்பலி மத்ஹபின் அறிஞர்களும் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். எடுப்பதால் பிள்ளைக்குப் பாதிப்பு நேரக்கூடாது. ஒரு பிள்ளையின் பொருளை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. இந்த வீட்டில் நிகழ்ந்தவை அவ்விரண்டுமே. மகள் கடனில் விழுந்தாள். பணம் மகனின் கட்டணமாயிற்று.

வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா புள்ளை சம்பாத்தியத்துல வீட்டுக்கு ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டார்.

அதற்கு விடையாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியைச் சொன்னோம். அவர் தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளுக்கும் செலவிட்டு வந்தார். அது தர்மமாகுமா எனக் கேட்டறிய நபி (ஸல்) அவர்களின் வாசலுக்கு வந்தார். அவருக்கு இரு நற்கூலிகள் உண்டு, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மம் செய்ததற்கு ஒன்று என்று விடை கிடைத்தது. இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மனைவியின் பணம் ஏற்கெனவே கணவனுடையதாக இருந்தால், அதைக் கணவனுக்கே தர்மம் செய்வது எப்படி? அவளுடையது என்பதால்தான் கொடுத்தவளுக்குக் கூலி. ஈதுத் திடலில் மாலையைக் கழற்றிப் போட்ட பெண்களும் வீட்டிற்குச் சென்று அனுமதி கேட்டுவிட்டு வரவில்லை. பெண் தன் பொருளிலிருந்து கணவனின் அனுமதியின்றித் தர்மம் செய்யலாம் என்பதற்கு அறிஞர்கள் பலர் அந்நிகழ்வையே ஆதாரமாகக் கொண்டார்கள்.

எனவே, மகளின் சம்பாத்தியத்தில் வீட்டுக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. அவள் கொடுத்தால் உண்டு. கேளாமல் எடுக்கும்போது வீட்டுக்குப் பணம் மட்டும் வருகிறது. அவளுக்கு வரவேண்டிய நற்கூலியோ போய்விடுகிறது.

கோர்ப்பவளின் கடமைகள்

வாப்பாவுக்குச் சொன்னதோடு நிறுத்தினால் அது பாதிப் பாடம். உரிமையுள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. மகளிடமும் சிலவற்றைப் பேசினோம்.

முதலாவது, கணக்கு. 4,000இல் பொருட்செலவு 2,400 போக மீதி 1,600. மாலை ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால், 40 மாலைக்கு 40 மணி நேரம். அவளுடைய உழைப்புக்கு அவளே போட்டுக்கொண்ட கூலி மணிக்கு 40 ரூபாய். அதை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. "சும்மா இருக்கிற நேரம்தானே" என்றாள். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் நம் சகோதரிகள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றியிருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று விலையை வைப்பவர் வேறொருவர். புகையிலைத் தூசியைச் சுவாசிப்பவர் இவர்கள். பாசி கோர்ப்பவளுக்குத் தூசியும் இல்லை, விலையைச் சொல்லும் வாயும் அவளுடையது. "சும்மா இருக்கிற நேரம்" என்று சொல்லி அதை அவளே இழக்க வேண்டாம். இப்போது மாலைக்கு 120 ரூபாய் கேட்கிறாள், கடைக்காரரும் கொடுக்கிறார். வேலை பெருகிப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூலிக்கு அமர்த்தினால், வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கும் நெறி அவளையும் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது, பொருளைப் பற்றிய உண்மை. பிளாஸ்டிக் மணியை முத்து என்றும், சாயமேற்றிய கண்ணாடியைப் பவளம் என்றும் சொல்லக்கூடாது. "ஒரு கிராம் தங்கம்" என்று கடைகளில் விற்கும் முலாம் பூசிய நகையில் ஒரு கிராம் தங்கம் இருப்பதில்லை. அப்பெயரை நம்பி வாங்குபவரிடம் முலாம் என்று சொல்லிவிட வேண்டும். ஈரமான தானியத்தை அடியிலும் உலர்ந்ததை மேலேயும் வைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் மனனம் செய்திருக்கிறார்கள். மாலை பற்றியே வந்த ஹதீஸும் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. கைபர் நாளில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள், தங்கமும் மணிகளும் கலந்த மாலையொன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே 12 தீனாரைவிட அதிகமாக இருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் கூறியபோது, பிரித்தறியாமல் அத்தகையதை விற்கக்கூடாது என்று தடுத்தார்கள். தங்கத்துக்குத் தங்கம் என்ற வட்டிச் சட்டத்தைச் சேர்ந்தது அது. என்றாலும், எது தங்கம், எது மணி, எது எவ்வளவு என்று தெளிவாகப் பிரித்தறிந்தே கொடுக்கல் வாங்கல் நடைபெற வேண்டும் என்ற பாடம் பாசி விற்பவளுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, ஸகாத். அணிவதற்கென வைத்திருக்கும் கண்ணாடி மணிக்கும் கல்மணிக்கும் முத்துக்கும் ஸகாத் இல்லை. விற்பனைக்கென வைத்திருப்பது வணிகப் பொருள். அது நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால் நூற்றுக்கு 2.5 வீதம் கடமையாகும். இன்று அவளுடைய பெட்டியில் அந்த அளவு இல்லை. இருந்தாலும், முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுபவளுக்கே கடமை வரும் நாள் எதுவெனத் தெரியும்.

நான்காவது, நம்பிக்கை. கடைக்காரர் அவளிடம் "நீலக் கண்" மணி வைத்த கைச்சரம் இருபது கேட்டார். கண்ணேறு படாமல் காக்கும் என்று குழந்தைகளுக்கு வாங்குகிறார்களாம். அவள் நம்மிடம் வந்து கேட்டாள். அறியாமைக் காலத்து அரபிகள் இதே நோக்கத்துக்காகப் பிள்ளைகளுக்குக் கட்டிய மணிகளையே "தமீமா" என்று அழைத்தார்கள். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் ஒன்பது பேரிடம் உறுதிமொழி வாங்கி ஒருவரிடம் வாங்கவில்லை. அவர் தமீமா அணிந்திருந்தார். அதை அறுத்தெறிந்த பின்னரே அவரிடமும் வாங்கினார்கள். காப்பவன் அல்லாஹ் மட்டுமே. நீல நிறம் ஹராம் அன்று. நீல மணி காக்கும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. அந்த நம்பிக்கைக்காகவே வாங்கப்படும் பொருளைச் செய்ய வேண்டாம் என்று சொன்னோம். அவளும் மறுத்துவிட்டாள். கருகமணிக்கும் இதுவே அளவு. வழக்கமாகவும் அழகாகவும் அணிந்தால் அணிகலன். அது கழுத்திலிருந்து இறங்கினால் கணவனின் ஆயுள் குறையும் என்று அஞ்சினால், அந்த அச்சத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பாசி கோர்க்கிறாளா, பூ வேலை செய்கிறாளா, தையல் மிதிக்கிறாளா? அவள் பெயரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வரவும் செலவும் அவளே எழுதட்டும். வாங்குபவர் தரும் பணம் அவள் கைக்கே வரட்டும். வீட்டுக்குத் தேவை என்றால் தேவையைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுப்பார்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற கவலை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வோம். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தோல் தைத்த கையைக் குறைவாக நினைக்காத ஊர்தான் மதீனா. நமக்கு அந்த ஊர் போதும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு பிள்ளை பாடத்தில் கவனமில்லாமல் இருந்தால், கையிலிருப்பதைப் பிடுங்குவதற்கு முன் காரணத்தைக் கேட்போம். அன்று நாம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தாய் நம் வாசலுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

ஷஅபான் மாதத்தின் கடைசி வாரத்தில் வாப்பா 2,400 ரூபாயை மனைவியிடம் கொடுத்தார். பிறகு மகளை அழைத்து, "மீதி 1,600 நான் உனக்குத் தரணும்மா. ரெண்டு மாசம் பொறுத்துக்க" என்றாராம்.

"அது காக்கா படிப்புக்கு நான் குடுத்ததா இருக்கட்டும் வாப்பா" என்று அவள் சொன்னதாக உம்மா நம்மிடம் கூறினார். புதிய மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார்.

அதே ரூபாய், அதே கல்லூரிக் கட்டணம். ஒரு பைசாவும் இடம் மாறவில்லை. ஆனால் முன்பு அது அவளிடமிருந்து போன பணம். இப்போது அவள் கொடுத்த பணம். அதற்கான கூலி அவளுடைய ரப்பிடம் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் கையுழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அதில் பிறருக்குள்ள உரிமையை அவர்களும், அவர்களுக்குள்ள உரிமையை நாமும் பேணி நடக்கத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.